“ஒன்றும் இல்லை” என்று வந்த ஸ்கேன்

ஆத்தாளை நம்பி வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் கூடும் என் அக்கா தங்கைகளுக்கு, தையல்கடை தேவி எழுதுவது. நம் வழிபாட்டுக் குழு அச்சடித்துப் போடும் மலருக்கு, ஆத்தாள் என் மகளுக்குச் செய்த நன்மையை எழுதித் தரும்படி கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் நன்மையை மட்டும் தனியாகப் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடிதான் எழுத வரும். படிக்கும்போது யாருக்காவது முகம் சுண்டினால் சுண்டிக்கொள்ளட்டும். எனக்கு ஒன்றரை வருஷம் சுண்டியேதான் இருந்தது.

என் மகள் யாழினி மாசி மாதம் பிறந்தாள். சுகப்பிரசவம். நல்ல எடை. பால் குடிப்பாள், தூங்குவாள், எழுந்தால் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் தையல்கடையில், மெஷினுக்குப் பக்கத்தில் ஏணை கட்டிப் போட்டிருந்தேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் அவளைக் கொஞ்சாமல் போனதில்லை.

ஆடி வெள்ளி ஒன்றில் கோயிலுக்குத் தூக்கி வந்தேன். விளக்குப் பூஜை நடந்துகொண்டிருந்தது. என் மடியில் தூங்கியவள் விழித்தாள். விழித்ததும் அவள் தலை சட்டென்று முன்னால் குனிந்தது. இரண்டு கையும் மேலே எழும்பி முன்னால் வந்தன. கண் மேலே போயிற்று. ஒரு நொடிதான். நிமிர்ந்தாள். மறுபடி அதே மாதிரி குனிந்தாள். மறுபடியும். வரிசையாக.

“ஐயோ, குழந்த சாமி கும்பிடுதுடி!” என்று முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை. உடனே குலவை போட்டீர்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். ஒருவர் போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே ஸ்டேட்டஸ் வைத்தார். நம் குழுத் தலைவி சகுந்தலா அக்கா என் தலையில் கை வைத்து, “உன் வயித்துல ஆத்தாளே வந்து பொறந்திருக்குறாடி தேவி” என்றார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஏன் சிலிர்க்காது? பெற்ற பிள்ளையைத் தெய்வம் என்று நாலு பேர் சொன்னால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

அதற்குப் பிறகு தூங்கி எழும்போதெல்லாம் அவள் கும்பிட்டாள். எதிரில் சாமி படமும் கிடையாது, விளக்கும் கிடையாது, வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்டு முடித்ததும் வீறிட்டு அழுதாள். சாமி கும்பிட்டுவிட்டு ஏன் இப்படி அழ வேண்டும் என்று கேட்டேன். உரம் விழுந்திருக்கும், கழுத்து சுளுக்கியிருக்கும் என்றார்கள். புடவையில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டி உரம் எடுத்தார்கள். கண்ணேறு என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். ஆவணி பிறந்தபோது நான் வேறு ஒன்றைக் கவனித்தேன். என் மகள் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். முகத்துக்கு நேராகக் குனிந்து கூப்பிட்டால், எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

இதை நான் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. “தெய்வக் குழந்த அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு பதில் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் ரமேஷ் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். நெல் விற்கும் மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை ஏற்றப் போனவரைத் திரும்பி வரச் சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு செஞ்சியில் இருக்கும் குழந்தை டாக்டரிடம் போனேன். அங்கே போனால் அவள் சமர்த்தாகப் படுத்திருக்கிறாள். ஒரு அசைவு இல்லை. நான் வாயால் சொல்வது எனக்கே நம்பும்படி இல்லை. அப்போதுதான் அந்த ஸ்டேட்டஸ் வீடியோ ஞாபகம் வந்தது. என் போனுக்கும் அதை வாங்கி வைத்திருந்தேன், காட்டினேன். குலவைச் சத்தத்தோடு ஓடியது. டாக்டர் சத்தத்தைக் குறைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“இது ஃபிட்ஸும்மா. கைக்குழந்தைங்களுக்கு வர்ற ஒரு மாதிரியான வலிப்பு. இன்னைக்கே பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க” என்றார்.

ரமேஷ் என்னைப் பார்த்தார். “இத்தினி நாளா ஃபிட்ஸையா கைதட்டிப் பாத்துக்கினு இருந்தோம்?” என்றார். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே கிளம்பினோம்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் மூளை, நரம்பு பார்க்கும் பெண் டாக்டர் ஒருவர் கிடைத்தார். தலையெல்லாம் ஒயர் ஒட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள். மூளையில் கரன்ட் தாறுமாறாக ஓடுகிறது, அதனால்தான் சிரிப்பும் பார்வையும் பின்னால் போகின்றன என்றார் டாக்டர். உடனே மருந்து ஆரம்பித்தார். எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்.

பெரியவர்களுக்கு ஸ்கேன் என்றால் படுத்து எழுந்து வரலாம். கைக்குழந்தைக்கு அப்படி இல்லை. கொஞ்சம் அசைந்தாலும் படம் கெட்டுவிடும். அதனால் தூக்க மருந்து கொடுத்து, அது அயர்ந்து தூங்கும்போது எடுப்பார்கள். மருந்து வேலை செய்ய வேண்டுமானால் விடியற்காலையிலிருந்து குழந்தை தூங்கக் கூடாது. வயிறும் காலியாக இருக்க வேண்டும். பசியும் தூக்கமும் சேர்ந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு திருவண்ணாமலையிலிருந்து வரும் பாண்டி பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பஸ் ஆடும் ஆட்டத்துக்குப் பெரியவர்களுக்கே கண் சொக்கும். அவள் கண்ணை மூடும்போதெல்லாம் உள்ளங்காலைச் சுரண்டினேன். காதை ஊதினேன். அவள் கத்தினாள். பஸ்ஸே என்னைத் திட்டியது.

“நீயெல்லாம் ஒரு பொம்பளையா? தூங்குற புள்ளய எதுக்கு இப்படி இம்சை பண்ற?” என்றார் பக்கத்து சீட்டு அம்மா. காரணம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. திண்டிவனம் வந்ததும் அவர் இறங்கிப் போனார். போகும்போது கூட முறைத்துவிட்டுத்தான் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்களுக்கு முன்னால் விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவருக்குத்தான் முதலில். அது நியாயம்தான். ஆனால் யாழினிக்கு அதற்குள் கொடுத்துவிட்ட தூக்க மருந்து எங்களுக்காகக் காத்திருக்குமா? உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தத்துக்கு விழித்துவிட்டாள். கையைக் காலை உதைத்தாள். மறுபடி கொஞ்சம் மருந்து கொடுத்தார்கள். அரைகுறையாகத் தூங்கினாள், அரைகுறையாக எடுத்தார்கள்.

நீங்கள் எல்லோரும் அன்று கோயிலில் உட்கார்ந்து எனக்காக வேண்டிக்கொண்டது எனக்குத் தெரியும். அதற்கு நன்றி. “ஸ்கேனில் ஒன்றும் இருக்கக் கூடாது ஆத்தா” என்பதுதான் வேண்டுதல். நானும் அதையேதான் வேண்டினேன். ரிப்போர்ட் வந்தது. படம் ஆடியிருக்கிறது என்று ஒரு வரி. சொல்லும்படியான கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு வரி. நம்மவர்கள் இரண்டாவது வரியை மட்டும் படித்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தீர்கள். சகுந்தலா அக்கா மைக்கில் என் பெயரைச் சொல்லி, “நம்ம தேவி குழந்தைக்கு மூளையில ஒண்ணுமே இல்லன்னு ஸ்கேன்ல வந்துட்டுது. ஆத்தா துடைச்சி எடுத்துட்டா!” என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினீர்கள். அந்த நேரத்தில் என் மடியில் யாழினி விழித்து, வரிசையாகக் குனிந்து குனிந்து எழுந்துகொண்டிருந்தாள். நான் புடவைத் தலைப்பால் அவளை மூடினேன். என் மகளின் வலிப்பை ஒளித்து வைத்துக்கொண்டு என் மகள் பிழைத்த கதைக்கு நானும் சிரித்தேன். இதைவிடக் கேவலமான ஒரு நேரம் என் வாழ்க்கையில் இல்லை.

மருந்தில் அவள் முகம் உப்பியது. கன்னம் இரண்டும் பன் மாதிரி ஆயின. அது ஸ்டீராய்டு செய்கிற வேலை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இங்கேயோ, “புள்ள நல்லா தேறிட்டுது பாரு” என்று திருஷ்டி கழித்தார்கள். வலிப்பு கொஞ்ச நாள் நின்றது. தீபாவளி கழிந்ததும் திரும்ப வந்தது. மருந்தை மாற்றினார்கள். நின்றது. பொங்கலுக்கு மறுபடி வந்தது. தையல்கடையைப் பாதி நாள் திறக்கவில்லை. கல்யாணச் சீசனுக்கு வாங்கி வைத்த துணிகளைத் திருப்பிக் கொடுத்தேன். யாழினிக்கு ஒரு வயது முடிந்தது. உட்காரவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை.

நான் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். “ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லன்னு வந்துட்டுதே மேடம். அப்புறம் எதுக்கு இன்னும் வருது?” என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. ஒண்ணும் தெரியலைன்னு அர்த்தம். படமும் ஆடிப்போச்சு. அதோட, இந்த வயசுல மூளை இன்னும் வளந்துட்டே இருக்கும். சின்னக் கோளாறு இருந்தா சுத்தி இருக்கிறதோட கலந்து போயிடும், பிரிச்சுப் பாக்க முடியாது. கொஞ்சம் வளந்தப்புறம் நல்ல மெஷின்ல மறுபடி எடுக்கணும்” என்றார்.

ரமேஷ் யோசித்துவிட்டு, “நாத்தங்கால்ல நெல்லு எது, பில்லு எதுன்னு தெரியாது. நட்டு வளந்தப்புறந்தான் தெரியும். அது மாதிரியா மேடம்?” என்று கேட்டார்.

“அதே மாதிரிதான்” என்றார் டாக்டர். பிறகு சொன்ன வார்த்தைதான் என்னைப் புரட்டிப் போட்டது. “ஒரே ஒரு இடத்துல கோளாறு இருந்து, அது நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சா, அதை எடுத்துட வாய்ப்பு இருக்கு. தெரியாத வரைக்கும் மருந்தை மாத்தி மாத்திக் குடுக்கறதுதான் வழி.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். டாக்டர்மேல் இல்லை. நாம் வேண்டிய வேண்டுதல்மேல். ஒன்றும் இருக்கக் கூடாது என்று கேட்டோம். ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று ஆத்தாள் சொன்னால் நான் என்ன செய்வேன்?

மறுநாள் உச்சிப்பொழுதில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போனேன். போகும் வழியில் கடைவீதியில் பூஜை சாமான் கடைக்குப் போனேன். கை வலித்தால் கைத் தகடும் கால் வலித்தால் கால் தகடும் ஆத்தாளுக்குப் போடுகிறோம் அல்லவா? மூளைக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“மூளையெல்லாம் வராதும்மா. தலை இருக்குது, முழுக் குழந்த இருக்குது. எது வேணும்?”

தட்டில் கண்மலர் கிடந்தது. வெள்ளியில் அடித்த இரண்டு கண். கண்ணில் பூ விழுந்தவர்கள் வாங்கிப் போடுவது. அதை எடுத்தேன். கோயிலில் போய் நின்று ஆத்தாளிடம் வாய் விட்டுச் சண்டை போட்டேன். “உனக்கு மட்டும் இவ்ளோ பெரிய கண்ணு எழுதி வெச்சிருக்காங்க. என் புள்ள தலைக்குள்ள இருக்கிறது உனக்குத் தெரியாதா? தெரிஞ்சா காட்டேன். எங்களுக்குக் காட்ட வேணாம். அந்த டாக்டரம்மா கண்ணுக்குக் காட்டு. ஒண்ணுமில்லன்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லிடாத” என்று அழுதேன். அந்தக் கண்மலரை டாக்டர் பெயர் சொல்லி அர்ச்சனை செய்து போட்டேன். அவர் என்ன நட்சத்திரம் என்று பூசாரி கேட்டார். தெரியாது, ஆத்தாளுக்குத் தெரியும் என்றேன்.

பூசாரி மூலம் சேதி சகுந்தலா அக்காவுக்குப் போய்விட்டது. நேராகக் கடைக்கே வந்தார்.

“இன்னாடி தேவி இது? ஸ்கேன்ல கோளாறு தெரியணும்னு வேண்டிக்கினியாமே? பெத்த புள்ளைக்குக் கோளாறு வேணும்னு கேக்கிற தாய எங்கனா பாத்திருக்கிறியா?”

“கோளாறு வேணும்னு கேக்கலக்கா. இருக்கிற கோளாறு தெரியணும்னு கேட்டன்.”

“ஆத்தா இல்லன்னு சொன்னத நீ நம்பல. அதான் புள்ளைக்குத் திரும்பத் திரும்ப வருது.”

எனக்கு வந்ததே கோபம். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். “ஆத்தா எங்கக்கா சொன்னா? மைக்குல நீதான் சொன்ன. நீ சொன்னதயெல்லாம் ஆத்தா சொன்னதுன்னு ஏன் எடுத்துக்கிற?” அக்கா முகம் வெளுத்துப் போயிற்று. திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து நான் வெள்ளிக்கிழமை வரவில்லை. இந்த மலருக்கு எழுதக் கேட்கும்வரை என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. இது உங்களுக்கும் தெரியும்.

யாழினிக்கு இரண்டு வயது நெருங்கும்போது, கார்த்திகை மாதத்தில், இரண்டாவது ஸ்கேன். இந்த முறை மயக்க டாக்டரை வைத்து முழு மயக்கத்தில் எடுத்தார்கள். உள்ளே இரும்பு எதுவும் ஆகாது என்று கொலுசு, வளையல், இடுப்பில் இருந்த தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். நம் கோயிலில் கட்டிய தாயத்து. அதை ரமேஷ் கையில் கொடுத்தேன். ஒன்றும் கட்டாத உடம்போடு அவளை உள்ளே தூக்கிப் போனார்கள். வெளியே உட்கார்ந்தேன். மெஷின் இடி இடிப்பதுபோல் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. “காட்டு ஆத்தா, காட்டு ஆத்தா” என்று அதன் தாளத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாகவும் இருந்தது. நிஜமாகவே காட்டிவிட்டால் என்ன செய்வது என்று.

அடுத்த வாரம் டாக்டர் கூப்பிட்டார். கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். என் மகளின் மூளை கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. வலது பக்கம், காதுக்கு மேலே ஒரு இடத்தில் விரல் வைத்தார். அடுப்பு மேடையில் பால் பொங்கிக் காய்ந்த கறை மாதிரி, ஓரம் மங்கலாக ஒரு திட்டு.

“இதுதாம்மா. பிறக்கும்போதே இந்த இடம் மட்டும் சரியா உருவாகல. இ.இ.ஜி.யிலயும் இங்கேருந்துதான் கிளம்புது. ரெண்டும் ஒத்துப்போகுது.”

நான் டேபிளில் தலையை வைத்து ஓவென்று அழுதேன். ரமேஷ் பதறிப்போய், “ஆவட்டும் தேவி, பாத்துக்கலாம், தைரியமா இரு” என்றார். நான் துக்கத்தில் அழவில்லை என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகள் மூளையில் கறை என்று கேட்டு ஆத்தாளுக்கு நன்றி சொன்னேன். அக்கா தங்கைகளே, இதுதான் என் வேண்டுதலுக்குக் கிடைத்த பதில். அன்று மைக்கில் சொன்னது இல்லை.

“மொதல் படத்துலயே இது இருந்திருக்குமா மேடம்?” என்று கேட்டேன்.

“இருந்திருக்கும். நமக்குத் தெரியல” என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக அவரைக் கும்பிட்டேன். ஆனாலும் வீணாகப் போன மாதங்களை விரல் விட்டு எண்ணினேன்.

தை மாதம் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. அந்தத் திட்டை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன் எங்களிடம் எல்லா ஆபத்தையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். தையல் போட்ட தலையோடு அவளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தபோது, அவள் எப்போது கண் விழிப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் மட்டும் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றரை வருஷமாக விழிக்கும்போதுதானே அவளுக்கு வரும். கண்ணைத் திறந்தாள். தலை குனியவில்லை. கை தூக்கவில்லை. சும்மா விழித்துப் படுத்திருந்தாள். பசிக்கு அழுதாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். இன்று வரை வரவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். மூன்று வயது தாண்டிவிட்டது, போன சித்திரையில்தான் நடக்க ஆரம்பித்தாள். பேச்சு இன்னும் இரண்டு மூன்று வார்த்தைதான். மாத்திரை தொடர்கிறது. வாரத்தில் பாதி நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். ஆனால் கூப்பிட்டால் திரும்புகிறாள். என் முகத்தைப் பார்க்கிறாள். சிரிக்கிறாள். நான் ஆத்தாளுக்குக் கடமைப்பட்டவள். அவளை முன்பைவிட அதிகமாக நம்புகிறேன். ஆனால் அவள் பெயரைச் சொல்லி யாராவது அவசரமாக நல்ல சேதி சொன்னால் மட்டும் நம்புவதில்லை. நான் வேண்டும் விதமும் மாறிவிட்டது. எனக்குப் பிடித்த பதிலை அவள் வாயில் திணிப்பதில்லை. இருப்பதைக் காட்டு, தாங்கும் தெம்பைக் கொடு என்று கேட்கிறேன். காட்டுகிறாள். தெம்பு கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் வருகிறது.

இதுவரை எழுதியதைச் சகுந்தலா அக்காவிடம் போன வாரம் கொடுத்தேன். மலரில் எது வரலாம், எது வரக் கூடாது என்று முடிவு செய்வது அவர்தானே. இவ்வளவு நாள் அவரோடு பேசாமல் இருந்த என் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொறுமையாகப் படித்தார். மைக் வரும் இடத்தில் நிறுத்தினார்.

“இத எடுத்துடச் சொன்னா எடுப்பியாடி?”

“மாட்டன்க்கா. வேணும்னா மொத்தத்தையும் எடுத்துடு.”

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

“வாணாம். எம் பேரும் அப்படியே இருக்கட்டும். இதப் படிச்சிட்டு ஒருத்தியாவது அவ புள்ளயத் தூக்கிக்கினு அன்னைக்கே பஸ் ஏறினா, அது போதும்டி” என்றார்.

அந்த ஒருத்தி நீங்களாக இருந்தால், ஆத்தாளை நம்புங்கள். பிள்ளையைத் தூக்குங்கள், கிளம்புங்கள். கோயிலில் உங்கள் விளக்கை நான் ஏற்றி வைக்கிறேன்.